‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள மாணவ மாணவிகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

மார்ச் கடைசியில் நானும் என் சிநேகிதியும் குளித்தலையிலிருந்து காரில் கிளம்பி, கோவைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். சிநேகிதி யாரென்று சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்குக் கணக்கு எடுத்தவர்தான். ராட்டினத்தில் இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படத்தைப் போட்டேன். பதில்கள் வந்து குவிந்தன. வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. மற்றவற்றை விடைத்தாள் திருத்துவது போலப் பிரித்துப் பார்த்தேன். நான்கே வகைதான். உடம்பு என்னாவது? காசு என்னாவது? மரியாதை என்னாவது? பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

குடும்ப வாட்ஸப் குழுவில் ஐந்தாவதாக ஒன்றும் வந்தது: “ரெண்டு பொம்பளைங்க தனியாவா போனீங்க?” இரண்டு பேர் எப்படித் தனியாவார்கள் என்று கணக்கு டீச்சரிடமே கேட்டேன். அவருக்கும் விடை தெரியவில்லை.

கேலியாகக் கேட்டவர்களும் உண்டு, அக்கறையில் கேட்டவர்களும் உண்டு. இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, உட்காருங்கள்.

முதலில் உடம்பு. ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஒரு பலகை இருக்கிறது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகெலும்புக் கோளாறு, அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. நியாயமான பலகை. ரோலர் கோஸ்டர் உச்சிக்கு ஏறும்போது சேரும் நிலை ஆற்றல், சரிவில் இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறும் என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். பள்ளத்தில் இறங்கி மேலே வளையும் இடத்தில் உடம்பின் எடை இரண்டு மூன்று மடங்கானது போல அழுத்தும். கழுத்துத் தேய்மானம் உள்ளவருக்கு அது விளையாட்டில்லை. எனக்குத் தேய்மானம் இருக்கிறது, அதில் ஏறவில்லை. சிநேகிதிக்கு மூட்டு மாற்று ஆகியிருக்கிறது, அவரும் ஏறவில்லை. மெதுவாகச் சுற்றும் ராட்சத ராட்டினம், அலைக்குளம், ரப்பர் வளையத்தில் மிதந்து போகும் வாய்க்கால் ஆகிய மூன்றும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

ஆனால் அந்த மெதுவான ராட்டினத்தின் வாசலில் நின்ற தம்பி பலகையைப் பார்க்கவில்லை. எங்கள் தலைமுடியைப் பார்த்தார். “பாட்டி, நீங்க அப்படி ஓரமா உக்காருங்க” என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற முப்பது வயதுக்காரரிடம் பிபி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. பலகையை வரிவரியாகப் படித்துக் காட்டினோம். ஏற்றிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நம் வீடுகளில் பழகியதைத்தானே அவர் வாசலில் செய்தார்! உடம்பைப் பார்த்துச் சொல்லும் விதிக்கு நான் கட்டுப்படுவேன். நரையைப் பார்த்துச் சொல்லும் விதிக்குக் கட்டுப்பட மாட்டேன்.

கார் ஓட்டியது சிநேகிதி. அதற்கும் சிலர் பதறியிருக்கிறீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்குச் சட்டம் மேல் வயது வரம்பு வைக்கவில்லை. 55 வயதுக்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்று தர வேண்டும், அவ்வளவுதான். அவர் இரண்டும் செய்தவர். கரூர், வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் என்று ஒரு ஹாரன்கூடத் தேவையில்லாமல் அடிக்காமல் ஓட்டினார். அதே சாலையில் ஒரு கையில் செல்போனோடு எங்களை முந்திப் போன இளைஞர்களின் வீட்டில், ‘இந்த வயசுல கார் தேவையா?’ என்று யாராவது கேட்டிருப்பார்களா?

இரண்டாவது காசு. டிக்கெட், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. எங்கள் பென்ஷன் காசு. காதுகுத்துக்கு மோதிரம் போட்டபோது, சீமந்தத்துக்கு வளையல் வாங்கியபோது, சீட்டுக்கட்ட அவசரமாகக் கைமாற்றுத் தந்தபோது, ‘இந்த வயசுல இவ்வளவு செலவு தேவையா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கென்று செலவழித்த அன்றைக்குத்தான் எல்லோரும் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டீர்கள்.

மூன்றாவது மரியாதை. “டீச்சர், நீங்க போய் அந்த டிரஸ்ஸில்…” என்று ஒரு மாணவர் பாதியில் நிறுத்தியிருந்தார். முழுதாக எழுதியிருக்கலாம் தம்பி. அலைக்குளத்தில் நைலான் உடை கட்டாயம். பருத்தித் துணியின் நூல்பிசிறு வடிகட்டியை அடைக்கும். அதைவிட முக்கியம், அலையில் புடவை காலைச் சுற்றினால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஆகவே வாடகைக்கு பேன்ட்டும் மேல்சட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டோம். 35 வருஷம் ஆறு கஜம் புடவையைப் பின் குத்திக்கொண்டு உங்களோடு கோகோ மைதானத்தில் நின்றவர்கள் நாங்கள். எங்கள் மரியாதை புடவைத் தலைப்பில்தான் முடிந்திருந்தது என்று நீங்கள் நினைத்தால், நாங்கள் நடத்திய பாடம் உங்களுக்கு ஏறவில்லை என்று பொருள்.

நான்காவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. “பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே அத்தை?” அன்பான கேள்வி. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண் வெளியூர் போக வேண்டுமென்றால் காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி, கோயில். இவற்றில் ஒன்றில்லை என்றால் ஒரு குழந்தையையாவது கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குழந்தைதான் அவளுடைய நுழைவுச்சீட்டு.

அப்படிப் போனது போதாதா? பள்ளிச் சுற்றுலாக்களை நினைத்துப் பாருங்கள். மாமல்லபுரம், கொடைக்கானல், வண்டலூர், கடற்கரையோரப் பொழுதுபோக்குப் பூங்காக்கள். நீங்கள் ராட்டினத்தில் கூவிக்கொண்டிருந்தபோது கீழே உங்கள் செருப்பையும் புளிசாத மூட்டையையும் காத்தது யார்? நாங்கள்தான். 62 பேர் ஏறினால் 62 பேர் இறங்க வேண்டும் என்று தலை எண்ணிக்கொண்டே இருந்தோம். அத்தனை வருஷத்தில் ஒரு ராட்டினத்திலும் நான் ஏறியதில்லை. யாரும் தடுக்கவில்லை, கண்ணை எடுக்க முடியவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது வேலை, சம்பளம் வாங்கிச் செய்தோம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும், பள்ளிப் பிள்ளைக்குப் பதில் பேரப்பிள்ளையின் செருப்பைக் காக்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் ஓய்வில்லை, பணி நீட்டிப்பு. சம்பளம் மட்டும் கிடையாது.

பெஞ்சு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. வால்ட் டிஸ்னி தன் மகள்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போவாராம். அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள், இவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன என்று அங்கே தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலாந்து திறந்தது. பெரியவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடமே பிறந்தது!

அதற்கு முன்பும் இது குழந்தைகளுக்கு மட்டுமான சங்கதியாக இருந்ததில்லை. 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் தாம்சன் என்பவர் ஓட்டிய சரிவு ரயிலில் ஐந்து சென்ட் கொடுத்து வரிசையில் நின்றவர்கள் வளர்ந்த ஆண்களும் பெண்களும். 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுத்திய சக்கரம் சுமார் 80 மீட்டர் உயரம். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். பெருக்கிக்கொள்ளுங்கள், ஒரே சமயத்தில் 2160 பேர். அத்தனை பேரும் குழந்தைகளா?

அமெரிக்காவை விடுங்கள். நம் ஊரில் கும்மியடிக்கும்போது நடுவில் நின்று பாட்டெடுத்துக் கொடுத்தது கிழவிகள்தானே? ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போனவர்கள் யார்? காணும் பொங்கல் யாருக்கு? நாம் கைகூப்பும் ஔவையே தலை நரைத்து, கையில் கோலூன்றி, ஊர் ஊராக நடந்தவளாகத்தானே நம் மனதில் இருக்கிறாள்? பேரனைக் கூட்டி வந்தாயா என்று எந்த அரண்மனை வாசலிலும் அவளைக் கேட்டதாகக் கதை இல்லை.

இப்போது உண்மையான இடைஞ்சலைச் சொல்கிறேன். இதைப் பற்றி உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. போகிற வழியில் கழிப்பறை.

ஆணாகப் பிறந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் வயதுப் பெண்கள் பலர் பயணத்துக்கு முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பங்குனி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் தலைசுற்றல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் ‘எனக்கு அங்கெல்லாம் வர இஷ்டமில்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இஷ்டமில்லாமல் இல்லை. இடமில்லை. நாங்கள் போன வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம், முதலாளி ஊரில் இல்லை. பங்குகளில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வகுத்த விதி. தேசிய நெடுஞ்சாலையில் குறை இருந்தால் 1033 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். என் உடம்பைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள் ராட்டினத்தை விட்டுவிட்டு இதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

பெண்களுக்கு ஊர் சுற்ற ஆசையில்லை என்பதும் பொய். 2021 மே மாதம் அரசு நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டண வண்டிகளில், பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். அதுவரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எத்தனை பாட்டிகள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார்கள், பார்த்தீர்களா? அதையும் ‘ஓசிப் பஸ்ல சும்மா சுத்துறாங்க’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. சும்மா சுற்றினால்தான் என்ன? ரயிலில் 58 வயது நிறைந்த பெண்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி ஒரு பதிவு போட்ட பேரன்கள் எத்தனை பேர்?

நாங்கள் இருவரும் கொடுத்து வைத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். பென்ஷன் வருகிறது, ஒருத்திக்கு கார் இருக்கிறது, எங்களைத் தடுக்கும் அதிகாரம் வீட்டில் யாருக்கும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இந்த மூன்றும் இருக்கிறதா? என் கவலை எங்களைப் பற்றியதல்ல. எங்கள் படத்துக்குக் கீழே நீங்கள் போட்ட சிரிப்புப் பொம்மையை உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். மகன் டீச்சரையே இப்படிச் சொல்கிறானே, நாம் வாயைத் திறந்தால் என்ன சொல்வானோ என்று, கேட்க நினைத்ததை விழுங்கியிருப்பார்.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன். மூன்றே கேள்விகள்.

ஒன்று: பெட்ரோல் பங்கு, ஓட்டல், டீக்கடை நடத்தும் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா? நாளைக் காலையில் நீங்களே போய்ப் பாருங்கள்.

இரண்டு: அடுத்த குடும்பச் சுற்றுலாவில் செருப்பையும் பையையும் பெஞ்சில் உட்கார்ந்து காப்பது யார்? முறை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெட்டக அறைக்குக் காசு கட்டுங்கள், பெரிய தொகையில்லை.

மூன்று: இன்று இரவு உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், மாமியாரிடம், “உங்களுக்கு எங்கே போகணும்?” என்று கேளுங்கள். ‘எனக்கென்ன, நீங்க போங்க’ என்றுதான் முதலில் வரும். அது விடையல்ல, பழக்கம். இரண்டாவது முறையும் கேளுங்கள்.

‘சூப்பர் டீச்சர்’ என்று யாரும் கீழே எழுத வேண்டாம். அம்மா சொன்ன ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்