படித்துவிட்டுப் படி ஏறுங்கள்!

இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரில், ஒரு மண்மேட்டின் மேல் பழைய கல் கோபுரம் நிற்கிறது. அதன் பெயர் கிளிபோர்டு கோபுரம்.

பலர் படி ஏறுகிறார்கள். உச்சியில் நின்று ஊரைப் பார்க்கிறார்கள். இறங்கிப் போகிறார்கள்.

அது போதாது!

1190-ம் ஆண்டு மார்ச் மாதம். அப்போது அங்கே இருந்தது மரக்கோட்டை. ஊரில் கலகம் மூண்டது. யூதர்கள் சுமார் 150 பேர் குடும்பத்தோடு கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். வெறிக்கூட்டம் சூழ்ந்தது. பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தவர்களைக் கூட்டம் கொன்றது.

காரணம்? மத வெறி மட்டும் அல்ல. கலகக்காரர்களில் சிலர் யூதர்களிடம் கடன்பட்டவர்கள். கடன் பத்திரங்களையும் கொளுத்தினார்கள்.

இன்றைய கல் கோபுரம் 13-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மேட்டின் அடியில் 1978-ல் நினைவுக்கல் வைத்தார்கள்.

அதைப் படித்த பிறகே ஏறவேண்டும். கூட வரும் குழந்தைகளுக்கும் சொல்லவேண்டும்.

கோபுரம் அழகுதான். அதன் கதையையும் மறக்கக்கூடாது!