என் தாத்தாவும் வந்தேறிதான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். கீழே, "வந்தேறிக் கூட்டம் வந்து இறங்கிடுச்சு" என்று ஒரு வரி. அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். போட்டவர் என்னிடம் படித்தவர், நல்ல பிள்ளை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் இத்தனை வருடம் மறைத்த ஒன்றைச் சொல்ல எழுதுகிறேன்.

என் தாத்தா சிலோனில் வியாபாரம் செய்தார் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய். அவர் தேயிலைத் தோட்டத்துக் கூலி.

1920 வாக்கில், துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கங்காணியோடு கிளம்பியிருக்கிறார். மண்டபம் முகாமில் தங்கவைத்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றி, தலைமன்னாரில் இறக்கி, ஹட்டன் பக்கம் கொண்டு போயிருக்கிறார்கள். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கடனாக அவர் பேரில் ஏறிவிட்டது. ஆள் கொண்டுவந்த கங்காணிக்கோ துரையிடம் தலைக்கணக்கில் காசு.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் என் அப்பாவோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். விடியும் முன் தப்புச் சத்தம் கேட்டால் பெரட்டுக்கு ஓட வேண்டும். பாட்டி கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போவார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

அங்கே அவர்களைக் கூப்பிட்ட பெயர் என்ன தெரியுமா? கள்ளத்தோணி. தோட்டக்காட்டான். நம்மைப் போலவே தமிழ் பேசியவர்களும் அப்படிக் கூப்பிட்டதாக அப்பா சொல்வார். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அங்கேயே பிறந்தவர்கள் உட்பட லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. கொஞ்ச நாளில் அப்பா ஊர் திரும்பினார். தாத்தா வரவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே அவரைப் புதைத்தார்கள்.

1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் நிறையப் பேர் நீலகிரியில் குடியேறினார்கள்.

இனிதான் என் குற்றம். 1970-களின் கடைசியில் நீலகிரியில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைகளிடம் ஒரு படிவம் நிரப்பச் சொன்னேன். "சொந்த ஊர்" என்ற இடத்தில் ஒரு பையன் "ஹட்டன்" என்று எழுதியிருந்தான். வகுப்பே "சிலோன்காரன்" என்று சிரித்தது. நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, அவன் பார்த்தே இராத அவன் தாத்தா ஊரை எழுதவைத்தேன். "என் அப்பாவும் ஹட்டன்தான்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாத்தியார் கூலிக்காரன் பேரன் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். அந்தப் பையன் தலையைக் குனிந்து எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஐயா, அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் ஆட்களுக்கு வேலை போகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் கூலியைக் குறைப்பது யார்? தகரக் கொட்டகையில் பத்துப் பேரை அடைத்து, சம்பளத்தில் கமிஷன் பிடிக்கும் ஏஜென்டைக் கேளுங்கள், அவரிடம் ஆள் எடுக்கும் முதலாளியைக் கேளுங்கள். அன்றைய கங்காணியும் துரையும் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள். மூட்டையோடு உட்கார்ந்திருப்பவன் என் தாத்தா மாதிரி, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் டல்லாஸுக்கும் மெல்போர்னுக்கும் போனால் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே யாராவது அவர்களை "உன் நாட்டுக்குப் போ" என்றால் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பில் கொஞ்சமாவது இவர்களுக்கும் வர வேண்டாமா?

உங்கள் வீட்டிலும் பினாங்கு, ரங்கூன், நேட்டால், பிஜி என்று போன ஒருவர் இருந்திருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, அவர் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன வேலை செய்தார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அந்த மாணவர் எங்கே இருக்கிறாரோ, இதைப் படிப்பாரோ தெரியாது. படித்தால், மன்னித்துக்கொள் தம்பி. நீ எழுதியதுதான் சரி. ஹட்டன் உன் சொந்த ஊர். எனக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் ஐயா