ஒஸ்தியோபதி வைத்தியரிடம் போகுமுன்

நாரிநோவை அறியாத வீடு நம்மவரிடையே அரிது. ஊரில் இருக்கும்போது எண்ணெய் தடவுவோம், ஒத்தடம் கொடுப்போம், அதற்கும் அடங்காவிடில் பரிகாரியாரை நாடுவோம். ஆனால், பிள்ளைகளோடு சில காலம் தங்கியிருக்க இலண்டனுக்குச் செல்லும் பெற்றோரின் காதில் அங்கே புதியதொரு பெயர் விழுகின்றது. “ஒஸ்தியோபதி வைத்தியரிடம் ஒருமுறை காட்டிப் பாருங்கள்” என்கின்றனர் அயலவர். அவர் யார், அவரிடம் போகுமுன் நாம் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

முதலிற் பெயரைக் கவனிப்போம். ‘ஒஸ்தியோன்’ என்பது எலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இதனை வைத்து, இவரும் நம்மூர் முறிவு நெரிவு வைத்தியரைப் போன்றவர் எனச் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. முறிந்த எலும்பைப் பொருத்துவதும் புக்கை கட்டுவதும் இவர் தொழிலல்ல. தசை, மூட்டு, முள்ளந்தண்டு ஆகியவற்றைக் கையாற் சோதித்து, அழுத்தியும் இழுத்தும் அசைத்தும் நோவைத் தணிக்க முயல்பவர் இவர். சில வேளைகளில் மூட்டினைச் சடுதியாகத் தள்ளுவார். அப்போது ‘டக்’கென்று ஓசை எழலாம். விலகிப்போன எலும்பு தன்னிடத்திற் சேர்ந்துவிட்டது என்பது அவ்வோசையின் பொருளன்று. மூட்டினுள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி தோன்றுவதோடு எழும் ஓசையே அது.

இம்முறையைத் தோற்றுவித்தவர் அமெரிக்கரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917). வைத்தியராக இருந்தும், மூளையுறை அழற்சிக்குத் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், 1874இல் தமது முறையை அறிவித்து, 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரில் ஒரு கல்லூரியையும் நிறுவினார். அவருடைய மாணவரான ஜோன் மார்ட்டின் லிட்டில்ஜோன் 1917இல் இலண்டனில் ஒரு கல்லூரியை அமைத்தார்.

ஒரே மரத்தின் இவ்விரு கிளைகளும் பின்னர் வெவ்வேறு திசையில் வளர்ந்தன. அமெரிக்காவில் இப்பட்டம் பெறுவோர் முழு உரிமை பெற்ற டாக்டர்கள். மருந்து எழுதுவர், சத்திரசிகிச்சையும் செய்வர். பிரித்தானியாவிலோ இவர்கள் டாக்டர்களல்லர். ஒஸ்தியோபதியிலே தனிப்பட்டம் பெற்றவர்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொது ஒஸ்தியோபதிக் கழகத்தின் பதிவேட்டில் இடம்பெற்றவர் மட்டுமே அங்கு அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். ஆகவே, பெயர் அதில் உண்டோ எனப் பார்ப்பதே நமது முதற் கடமை. டாக்டரின் கடிதமின்றியே இவரிடம் போகலாம். எனினும் பெரும்பாலும் கைப்பணமே செலவாகும். கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்பவற்றை முன்னரே கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

முதல் நாளில் வைத்தியர் நோயின் வரலாற்றைக் கேட்பார். பின்பு குனிய, நிமிர, திரும்பச் சொல்வார். நோவுள்ள இடத்தைப் பார்ப்பதற்குச் சில உடைகளைக் களையும்படி கேட்கவும் கூடும். இது நம் பெண்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். தளர்வான உடையோடு செல்லலாம். விருப்பமில்லாததை மறுக்கவும் செய்யலாம். என்ன செய்யப் போகிறார் என்பதை விளக்கி நமது சம்மதம் பெற்ற பின்னரே வைத்தியர் கைவைத்தல் வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருவோம். நம் பெரியோர் பலர் வைத்தியரிடம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவர். மொழிபெயர்க்க மகனோ மருமகளோ அருகிலிருந்தால், நாணத்தால் இன்னும் சில மறைந்துபோகும். கையால் செய்யும் சிகிச்சையில் இம்மறைப்பு ஆபத்தானது. எலும்பு நலிவு நோய் உண்டா, நெடுநாள் ஸ்டீரொயிட் மருந்து உட்கொண்டதுண்டா, குருதி உறையாதிருக்க வார்பரின் போன்ற மருந்து எடுக்கின்றோமா, முன்பு புற்றுநோய் கண்டதா, அண்மையில் விழுந்தோமா, காரணமின்றி உடல் மெலிகின்றதா, காய்ச்சல் உண்டா, கருவுற்றிருக்கின்றோமா—இவற்றைக் கேளாமலே சொல்லிவிடல் வேண்டும். நலிந்த எலும்பு பலமான அழுத்தத்தைத் தாங்காது. மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நன்று.

நாரிநோவோடு தொடையிடுக்கிலும் ஆசனப் பகுதியிலும் விறைப்பு ஏற்பட்டாலோ, சலம் போவதில் தடையோ கட்டுப்பாடின்மையோ கண்டாலோ, இரு கால்களும் வலுக்குன்றினாலோ, எந்த ஒஸ்தியோபதி வைத்தியருக்காகவும் காத்திராது உடனே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்க. முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நெரிபடுவதன் அறிகுறிகள் இவை. மணித்தியாலங்கள் தாமதித்தாலும் நிரந்தரக் கேடு விளையலாம். மகன் முன்னிலையில் சொல்ல நாணி ஒரு தாய் இதை மறைத்தால், அந்நாணத்துக்கு அவர் கொடுக்கும் விலை மிகப் பெரிது. பிள்ளைகளும் இதை அறிந்து, தாயாரைத் தனியே பேச விட்டு, வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுதல் நலம்.

கழுத்தைச் சடுதியாகத் திருப்பும் முறையினால் மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்து பக்கவாதம் ஏற்பட்டதும் உண்டு. மிக அரிதே எனினும், அஞ்சுபவர் அதனை வேண்டாமெனலாம். மென்மையான முறைகளும் உள்ளன.

பலனை அளவோடு எதிர்பார்த்தலே அறிவுடைமை. சிகிச்சையின் பின் ஓரிரு நாள் உளைவு இருத்தல் இயல்பு. நாரிநோவுக்குக் கைச்சிகிச்சையைத் தனியாக அன்றி உடற்பயிற்சியோடு சேர்த்தே அளிக்கலாம் என்பது இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் 2016இல் கூறிய முடிபு. ஆகையால், மேசையிற் படுத்தெழுந்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணாது, சொல்லித் தந்த பயிற்சியை வீட்டிலும் செய்தல் வேண்டும். ஆஸ்துமா முதலிய உள்நோய்களையும் மாற்றித் தருவேன் என்பாரெனின், அதற்குப் போதிய சான்றில்லை என்பதை நினைவிற் கொள்க.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, வைத்தியருக்கு முன்னே நோயுற்றவனை வைக்கின்றது. அவ்வரிசை கருதத்தக்கது. கை வைத்தியருடையது, ஆனால் உடல் நம்முடையது. அவ்வுடலின் கதையை ஒளியாது சொல்லுதல் நாம் செய்யவேண்டிய பாதிச் சிகிச்சையாகும்.