ஸ்டாட்டிக் என்றால் அசையாததா?

"ஸ்டாட்டிக் என்றால் மாறாதது, எல்லாருக்கும் பொது. கெட்டர் என்றால் அடைப்புக்குறி போடாமல் எடுக்கும் பிராப்பர்ட்டி, அவ்வளவுதான்." ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொடுப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன்.

மாறாதது என்பதை ஒரு வரியிலேயே உடைத்துவிடலாம். மதிப்பு கிளாஸின் மேலேயே இருக்கிறது, அதிலிருந்து பிறக்கும் ஆப்ஜெக்ட்டில் இல்லை. ஸ்டாட்டிக் சொல்வது இவ்வளவுதான். கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட் என்பதால் யார் வேண்டுமானாலும் புது மதிப்பை எழுதலாம். ஸ்டாட்டிக் ஃபீல்டு மொழியின் தரத்துக்குள் வந்ததே 2022இல். அதுவரை மாறிலி வேண்டியவர்கள் ஸ்டாட்டிக் கெட்டர் எழுதிச் சமாளித்தார்கள். குழப்பம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

'எல்லாருக்கும் பொது' என்பதுதான் ஆளைக் கவிழ்ப்பது. டோக்கன் என்று ஒரு கிளாஸ். அதில் வரிசை என்ற ஸ்டாட்டிக், மதிப்பு 0. 'திஸ்.வரிசை'யில் ஒன்று கூட்டும் ஸ்டாட்டிக் மெத்தட்டும் உண்டு, அதன் பெயர் 'அடுத்தது'. டோக்கனை எக்ஸ்டெண்ட் செய்து அவசரடோக்கன் எழுதி, அதன் வழியாக 'அடுத்தது' மெத்தட்டைக் கூப்பிடுகிறோம். டோக்கனின் வரிசை 1 ஆகுமா? ஆகாது. இங்கே திஸ் என்பது புள்ளிக்கு இடப்பக்கம் நிற்கும் கிளாஸ், அதாவது அவசரடோக்கன். படிக்கும்போது ப்ரோட்டோடைப் சங்கிலியில் மேலேறி டோக்கனின் 0 கிடைக்கிறது. எழுதும்போது ஏறுவதில்லை; 1 அவசரடோக்கனிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் இரண்டும் தனித்தனிக் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், எண்ணுக்குப் பதில் ஓர் அர்ரே வைத்து புஷ் செய்தால் இரண்டு கிளாஸுக்கும் ஒரே அர்ரேதான்.

ஆப்ஜெக்ட் வழியாக ஸ்டாட்டிக்கை எட்டலாம் என்று ஜாவாக்காரர்கள் நினைப்பார்கள். இங்கே எர்ரர்கூட வராது, அன்டிஃபைன்டு வரும்.

கெட்டருக்கு வருவோம். பார்க்கப் பிராப்பர்ட்டி, உள்ளே ஃபங்ஷன். தொடும்போதெல்லாம் ஓடும், விடையைச் சேமித்து வைக்காது. 1000 பொருள் உள்ள பில்லில் மொத்தம் கூட்டும் கெட்டரை, அந்த 1000 பொருளையும் சுற்றும் லூப்புக்குள் வைத்தால் 10 லட்சம் கூட்டல்.

அது குடியிருப்பதும் வேறு வீட்டில்: கிளாஸில் எழுதிய கெட்டர் ப்ரோட்டோடைப்பில் இருக்கும், ஆப்ஜெக்ட்டில் இருக்காது. ஜேசனாக மாற்றும் ஸ்ட்ரிங்கிஃபை ஆப்ஜெக்ட்டின் சொந்தச் சொத்தை மட்டுமே எடுக்கும். ஒருமுறை நான் பில்லை அப்படியே சர்வருக்கு அனுப்பினேன். பொருள்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. மொத்தம் மட்டும் போகவில்லை.