போகும்போது பஸ், வரும்போது நடை



போன மாதம் காரைக்காலில் என் அண்ணி வீட்டு மொட்டைமாடியில் ஒரு காட்சி கண்டேன். காலை ஆறு மணி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அண்ணி பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்தால் கைப்பிடிச் சுவரில் ஒரு புளியங்கொட்டை வைப்பார். நாற்பது கொட்டை சேர்ந்தால் அன்றைய கணக்குத் தீர்ந்தது. உடம்பில் சர்க்கரை இருக்கிறது, தினம் அரை மணி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்; ஆகவே நடக்கிறார். செக்குமாடும் இப்படித்தான் சுற்றுகிறது. அது சுற்றினால் எண்ணெயாவது வரும்!

"ஏன் அண்ணி, கீழே இறங்கினால் தெரு இருக்கிறது. அரை மணி நடந்தால் கடலே இருக்கிறது. இந்தத் தொட்டியையா சுற்ற வேண்டும்?" என்று கேட்டேன்.

"தெருவிலே இறங்கினா எங்கே போறேன்னு நாலு பேர் கேட்பாங்க. என்னன்னு சொல்றது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நீங்களும் யோசித்துப் பாருங்கள். கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு என்று நம் கால்களுக்கு எப்போதும் ஒரு விலாசம் கேட்கிறார்கள். "சும்மா நடக்கிறேன்" என்று ஆண்பிள்ளை சொன்னால் அது பதில். நாம் சொன்னால், வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று அடுத்த தெருவுக்குச் செய்தி போய்விடும்.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? காரைக்கால் அம்மையாரின் ஊர். ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது மாடிமாடியாக நின்று மாம்பழம் இறைக்கிறோமே, அந்தப் புனிதவதியின் ஊர். சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாங்கனி அதிசயத்தைப் பார்த்து அஞ்சிய புருஷன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறு குடும்பம் ஆகிவிட்டான். உறவினர் அம்மையைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் கொண்டுபோனார்கள். அவனோ காலில் விழுந்தான். அதற்குப் பிறகுதான் அம்மையின் நடை ஆரம்பம். கயிலாயம் வரை, அதுவும் அந்த மண்ணில் கால் படலாகாது என்று தலையால் நடந்தார்! அறுபத்து மூவர் வரிசையில் மற்றவரெல்லாம் நிற்க, அவருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்திருப்பது நியாயம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? தனியே நடப்பதற்கு முன்னால் அம்மை கேட்ட வரம், இந்த அழகு உடம்பு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்பது. பக்திக்கு வேறு பொருள் சொல்வார்கள். பெண்களாகிய நமக்கு இன்னொரு பொருளும் புரிகிறது அல்லவா? பேயாக இருந்தால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

அண்ணி பேயாக வேண்டாம் என்று நான் ஒரு யுக்தி சொன்னேன். யுக்தி என்னுடையதும் அல்ல. அண்ணியின் மகள் அயர்லாந்தில் வேலையாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டப்ளின் நகரத்தில் மின்சார ரயில் ஏறி, பாதை முடியும் ஹௌத் என்ற மீன்பிடி ஊரில் இறங்கி, கடலோரக் குன்றின்மேல் இரண்டு மூன்று மணி நடந்துவிட்டு அதே ரயிலில் திரும்புவாளாம். விக்லோ மலை வழியாக 130 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் போட்டது. அதன் தலைவாசல் டப்ளினின் ஒரு பூங்காவில் இருக்கிறது, டவுன் பஸ்ஸே அங்கே போகிறது. வழி நெடுக மரக்கம்பத்தில் மஞ்சள் நிறத்தில் நடக்கிற மனிதனின் உருவம் போட்டிருப்பார்களாம். நமக்குக் கம்பம் இல்லாவிட்டால் என்ன? பஸ் இருக்கிறது, ஆற்றங்கரை இருக்கிறது.

யுக்தி இதுதான்: பஸ்ஸில் போய்விட வேண்டும், நடந்து திரும்ப வேண்டும். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவளை யாரும் சந்தேகப்படுவதில்லை. திரும்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்டால், "வீட்டுக்கு" என்று சொல்லலாம். உலகத்தில் இதைவிடக் கௌரவமான பதில் கிடையாது. வீட்டை நோக்கி நடக்கும்போது கால் தானாக வருகிறது என்பது மேல் லாபம்.

காரைக்கால் இதற்கென்றே அளந்து செய்த ஊர். மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இன்றும் புதுச்சேரியைச் சேர்ந்தது. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு. காலையில் கிளம்பினால் இட்லி ஆறுவதற்குள் அயல் மாநிலம் போய் வந்துவிடலாம். (எல்லை தாண்டும் பஸ்ஸில் ஏறினால், பெண்களுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பஸ்களில் 2021 முதல் நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குப் பஸ் கணக்கு மாறும்.)

முதல் நடைக்குத் திருநள்ளாற்றைத் தேர்ந்தெடுத்தோம். ஐந்து கிலோமீட்டர்தான். சனிக்கிழமை வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சனி பகவானைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நடை எங்கே நடப்பது? ஊர்வதுதான். செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். நடக்க வந்தோமா, சுவாமி பார்க்க வந்தோமா என்று நான் கேட்பதற்குள் அண்ணி உள்ளே போய்விட்டார். அதுவும் நல்லதற்கே. தர்ப்பாரண்யேசுவரரைத் தரிசித்து, தேவாரத் தலங்களின் கதையெல்லாம் பேசிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஏழு.

முதல் ஒரு மைல் இன்பமாக இருந்தது என்று சொன்னால் பொய். பெரிய சாலை. ஓரத்தில் நடைமேடை கிடையாது. லாரி ஒவ்வொன்றும் நம் காதுக்கென்று தனியாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. வாகனம் எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாகவே நடங்கள். தருமபுரம் வந்ததும் யாழ்மூரிநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்தோம். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் அது. யாழ் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்கே பெருமை என்று உறவினர்கள் பேச, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடினாராம். பாணர் வெட்கி யாழை உடைக்கப் போக, பிள்ளை தடுத்தாராம். "அம்மா வீட்டு ஜனங்க எப்பவும் இப்படித்தான், வாய் கொஞ்சம் அதிகம்" என்றார் அண்ணி, என்னைப் பார்த்துக்கொண்டு!

அங்கே ஒருவரிடம் வழி கேட்டுச் சாலையை விட்டு வாய்க்கால் கரையில் இறங்கினோம். அப்புறம்தான் நடை. மார்கழிப் பனி வயல்மேல் இன்னும் இருந்தது. கொக்கு, மீன்கொத்தி, கரையெல்லாம் அறுகு. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காவிரி குடகில் புறப்பட்டு, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, எல்லா ஊரும் எடுத்துக்கொண்டது போகக் கடைசியில் வருகிற தண்ணீர் இது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு, திருமலைராஜனாறு என்று இங்கே அதற்குப் பெயர்தான் எத்தனை! கடைமடை என்றால் கடைசிப் பந்தி மாதிரி. 2007இல் நடுவர் மன்றமும், 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. என்று சொல்லியிருக்கின்றன. பத்திரிகையில் இந்த எண்ணை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது கணுக்கால் உயரத்துக்கு ஒரு மடையில் சலசலப்பதை அன்றுதான் நின்று பார்த்தேன்.

எதிரே களையெடுக்கப் போகிற ஓர் அம்மாள் வந்தார். எங்களைவிட மூத்தவர். "எங்கேம்மா போறீங்க?" என்றார். அண்ணி நான் சொல்லிக்கொடுத்தபடி, "வீட்டுக்கு" என்றார்.

"ஏன், பஸ்ஸு வல்லியா?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக இல்லை. "பஸ் இருக்கு. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு..." என்று அண்ணி இழுத்தார்.

அந்த அம்மாள் எங்கள் செருப்பைப் பார்த்தார், தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நான் போக நாலு, வர நாலு கிலோமீட்டர் தினம் நடக்கிறேன். எனக்கு ஒரு நா பஸ்ஸுல சன்னலோரமா உட்காந்து போவணும்னு இருக்கு" என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "முள்ளு கிடக்கு, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் சொன்ன பத்தாவது அடியில் கருவேல முள் ஒன்று அண்ணியின் ரப்பர் செருப்பைத் துளைத்தது. கோயில்பத்து வந்து சேரும்வரை அண்ணி அதிகம் பேசவில்லை.

இரண்டாவது நடை சுலபம். ஊருக்குள்ளிருந்து அரசலாற்று ஓரமாகக் கடற்கரைக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். சாயங்காலத்தைவிடக் காலையே மேல். படகுகள் முகத்துவாரத்தில் திரும்பும் நேரம். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அலையில் கால் நனைக்கக் குழந்தையைப் போல் ஓடிய அண்ணி, ஒரு வலைக்காரப் பெண்மணி எதிரில் வந்ததும் கொஞ்சம் அடங்கி நின்றார். அந்தப் பெண்மணி, "நில்லுங்கம்மா, கடலு இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தரங்கம்பாடிக்கு வடக்கே பஸ்ஸில் போக வேண்டும். இறங்கிக் கிழக்கே நடந்தால் 1792இல் கட்டிய வாயில். அதற்குள்ளே ராஜ வீதி. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். கடலோரத்தில் டேனிஷ்காரர் 1620இல் எழுப்பிய கோட்டை. பக்கத்திலே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். சீகன்பால்கு 1706இல் இங்கே வந்து தமிழ் கற்று, தமிழில் அச்சுப் போட்ட இடம். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ரயில் ஆசை உள்ளவர்களுக்கு நாகூர். பேரளத்திலிருந்து வந்த பழைய மீட்டர் கேஜ் ரயில் 1980களில் நின்றபின், காரைக்காலுக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக ரயிலே இல்லை. 2011 கடைசியில் நாகூர் வழியாகத் திரும்பி வந்தது. பத்தே கிலோமீட்டர். தர்காவின் மினாராக்களைத் தூரத்திலேயே பார்த்துக்கொண்டு போகலாம். அங்கே இறால் போட்ட வாடா சூடாகக் கிடைக்கும்.  ரயில் நேரத்தை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் ஆகும்.

சில வீட்டு யோசனைகள். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள்; மழையில் வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை உத்தமம். ஒன்பது மணிக்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், இதை அண்ணி சொல்லச் சொன்னார். இரண்டு பேராகப் போங்கள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாமல், பையில் நாலு கல்கண்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் எழுதத் தயங்குகிற ஒரு விஷயம்: கழிப்பறை. பாதி பெண்கள் வெளியே கிளம்பாததற்கும், கிளம்பினால் தண்ணீர் குடிக்காமலே இருந்து தலைவலியோடு திரும்புவதற்கும் அதுதான் காரணம். பஸ் ஸ்டாண்டு, பெரிய கோயில், ரயில் நிலையம் என்று இடம் இருக்கிற ஊரிலிருந்து ஊருக்குத்தான் நடையை வகுக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் வகுத்தோம்.

அண்ணியின் புளியங்கொட்டைகளை எதிர்வீட்டுக் குழந்தைகள் பல்லாங்குழிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அம்பகரத்தூர் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. இந்தத் தடவை எதிர்வீட்டு அம்மாளும் வருகிறார்.

உங்கள் ஊரிலும் பஸ்ஸில் போய் நடந்து திரும்பத் தகுந்த வழி இருந்தால் எனக்கு எழுதுங்கள். எத்தனை மைல், எந்த மாதம் என்பதோடு, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.