இருட்டைத் தேடிப் போகும் பட்டணத்து ஜனங்கள்

லடாக்கின் கிழக்குக் கோடியில், திபெத் எல்லையை ஒட்டி, ஹன்லே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. லே நகரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் பயணம் செய்ய வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டரைத் தாண்டிய உயரம். புதிதாகப் போகிறவருக்கு மூச்சு வாங்கும். 2022 டிசம்பரில் இவ்வூரைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை 'இருண்ட வான் காப்பகம்' என்று லடாக் நிர்வாகம் அறிவித்தது. புலிக்குக் காப்பகம் உண்டு, பறவைக்குச் சரணாலயம் உண்டு. இருட்டுக்கு ஒரு காப்பகம் என்பது இந்தியாவில் இதுவே முதல்.

அங்கே வீட்டு ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள். விளக்குக்கு மூடி மாட்டுகிறார்கள். வெள்ளை வெளிச்சத்தைக் குறைத்து மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறுகிறார்கள். இரவில் வண்டி ஓட்டுவோர் முகப்பு விளக்கைத் தாழ்த்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். உள்ளூரார் 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டும் வேலையில் அமர்த்தியிருக்கிறார்கள். ஆடு மேய்த்துப் பிழைத்த ஊருக்கு இருட்டும் ஒரு வரும்படி ஆகியிருக்கிறது.

ஹன்லேக்கும் பெங்களூருக்கும் நேரான சம்பந்தம் உண்டு. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை, லாரிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டே செயற்கைக்கோள் தொடர்பு வழியாக இயக்குகிறார்கள். பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிலையத்தின் ஏற்பாடு இது. 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் கடுமையான சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது, ஹன்லே வானம் சிவந்ததை அங்குள்ள காமிராக்கள் படம் பிடித்தன. துருவப் பிரதேசத்தில் மட்டும் பார்க்கக்கூடிய காட்சி என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஆச்சரியம்.

கூடார வியாபாரம்

ஹன்லேக்குப் போய்வர ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். ஆகையால் பெரு நகரங்களைச் சுற்றியே இப்போது புதிய வியாபாரம் முளைத்திருக்கிறது. சனிக்கிழமை மாலை வண்டியில் ஏற்றிப்போய், ஏரிக்கரையிலோ தோப்பிலோ கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, ஞாயிறு காலை திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். 'நட்சத்திரம் பார்க்கலாம்' என்றுதான் விளம்பரம். போன இடத்தில் பல சமயம் ஒலிபெருக்கியும் பளீர் விளக்கும் முன்னால் நிற்கின்றன. நட்சத்திரம் எங்கிருந்து தெரியும்?

மலை ஏறும் மோகமும் இதோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலை ஏறப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் இதற்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை அறிவித்து, முன்பதிவு, வழிகாட்டி ஆகிய ஏற்பாட்டுடன் திறந்தது. கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, முன்பதிவு முறை இல்லாத பாதைகளில் மலையேற்றத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

கட்டுப்பாடு அவசியந்தான். ஆனால் முன்பதிவும் கட்டணமும் வந்தவுடன், நாலு பேர் உள்ள குடும்பத்துக்குச் செலவு நாலு மடங்கு. பாட்டன் காலத்தில் வாசல் திண்ணையில் படுத்துக்கொண்டு இனாமாகப் பார்த்ததை இப்போது காசு கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வானம் எங்கே போயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வெள்ளை விளக்கு செய்த வேலை

2015-ல் மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் மாறின. மின்சாரம் மிச்சமானது உண்மை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய சோடியம் விளக்கின் மஞ்சளைவிட, வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளி அதிகம். பகலில் வானத்தை நீலமாகக் காட்டும் அதே காரணத்தால், இந்த நீல ஒளி காற்றில் கூடுதலாகச் சிதறுகிறது. மூடியில்லாத விளக்கு மேல் நோக்கி வீசும் வெளிச்சம் நகரத்தின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையாகத் தங்கிவிடுகிறது. செலவு குறைந்தவுடன் 'இன்னும் நாலு விளக்கு போடு' என்கிற மனப்பான்மையும் சேர்ந்துகொண்டது.

2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் எண்ணிச் சொன்ன நட்சத்திரக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இரவு வானத்தின் வெளிச்சம் வருஷத்துக்குச் சராசரி 9.6 சதவீதம் கூடுகிறதாம். பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த ஊரில், அந்தக் குழந்தைக்கு 18 வயதாகும்போது 100 கூடத் தெரியாது என்பது அந்த ஆய்வின் கணக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். முச்சந்தியில் உயரமான கம்பத்தின் உச்சியில் கொத்தாக விளக்குகள் எரிகின்றன. பெண்கள் பயமின்றி நடமாட வெளிச்சம் வேண்டும். பாம்புக்குப் பயந்து வாழ்ந்த ஜனங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் தரையில் விழவேண்டியது. வானத்துக்கு விளக்குப் போட யாரும் மனுக் கொடுக்கவில்லை. ஒரு தகர மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால், குறைந்த மின்சாரத்திலேயே தெரு பிரகாசமாக இருக்கும். இதற்கென நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. மகாராஷ்டிரத்திலுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் 'இருண்ட வான் பூங்கா' என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது. அதுவும் ஹன்லேயும் விதிவிலக்குகளே.

காவலூரின் கவலை

ஜவ்வாது மலையில், வாணியம்பாடிக்குத் தெற்கே உள்ள காவலூருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் பிறந்த விஞ்ஞானி வைணு பாப்பு, நகர வெளிச்சம் எட்டாத இடமாகத் தேடிப்பிடித்து 1960-களில் அங்கே வானாய்வுக் கூடம் அமைத்தார். 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்ட இரவில், காவலூரிலும் அதைப் பதிவு செய்தார்கள். 1986-ல் 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி வந்தது. கூடத்துக்குப் பாப்புவின் பெயரையே சூட்டினார்கள். மலையைச் சுற்றிய ஊர்கள் வளர வளர, அந்த இருட்டைக் காப்பாற்றுவது கடினமாகிக்கொண்டு வருகிறது. பனிமலை உச்சிக்குக் காட்டிய அக்கறையை ஜவ்வாது மலைக்கும் காட்டினால் என்ன? திரைத்துணிக்கும் விளக்கு மூடிக்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

வானத்தைப் படம் எடுப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் சரியல்ல. இரவுப் படம் எடுக்கும் வசதி இப்போது பல கைப்பேசிகளில் இருக்கிறது. கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். செங்கல்லில் சாய்த்து வைத்தால் போதும். பெரிய காமிரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. 500-ஐ லென்சின் மில்லிமீட்டர் எண்ணால் வகுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 20 விநாடி. அதற்கு மேல் திறந்து வைத்தால் பூமியின் சுழற்சியால் நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொள்ளும். நாள் பார்ப்பதற்கு வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசையும் அதற்கு முன்பின் நாலு நாட்களும் ஏற்றவை. ஆகாச கங்கையின் அடர்ந்த பகுதி பங்குனி, சித்திரையில் விடியற்காலை தெற்கே எழும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இது தோதான நேரம்.

கார்த்திகை நட்சத்திரத்தில் ஆறு என்பார்கள். மார்கழி அமாவாசை இரவில் பீன்யாவில் மொட்டை மாடியிலிருந்து எத்தனை தெரிகிறது, ஊரில் வயல் வரப்பிலிருந்து எத்தனை தெரிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். தீபத்தன்று பார்த்துப் பயனில்லை. அன்று பௌர்ணமி நிலவே மறைத்துவிடும். எண்ணிக்கை குறைந்திருந்தால் வார்டு அலுவலகத்திலோ ஊராட்சியிலோ விளக்குக்கு மூடி கேட்டு ஒரு மனு எழுதலாம்.