கணக்கிலும் கூலியிலும் தெரியும் விசுவாசம்

பக்தி ஒருவரின் வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்பதைத் திருவாலங்காட்டுக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வணிகர் வீட்டுப் புனிதவதி இல்லறத்தையும் அழகையும் உதறிவிட்டு, காரைக்கால் அம்மையாராக வந்து சேர்ந்த தலம் இது. ஆனால் வீட்டைத் துறக்காமல், சம்பளமும் வாடகையும் சந்தையுமாக வாழ்கிறவரின் பக்தி எதில் தெரியும்? கிறிஸ்தவ விசுவாசியைக் கேட்டால் ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், காணிக்கை என்பார். இவை வேண்டும்தான். என்றாலும் அவர் பணத்தை எப்படிக் கையாள்கிறார், தனக்காக உழைக்கிறவர்களை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் அவருடைய விசுவாசம் மெய்யா என்று தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தஞ்சாவூரில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை இதற்குச் சான்று. லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் கோட்டு சூட்டைக் களைந்து கதருக்கு மாறினார். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்கு அவர் கையில் இருந்தபோது, காந்தியுடன் வந்தவர்களின் செலவைக்கூட நிவாரணப் பணத்தில் எழுத மறுத்தார். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு, அது எப்படி உற்பத்தியானது என்பதிலும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய பொருளாதாரத்தின் அடிப்படை. சிறையில் இருந்த காலத்தில் அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது; மற்றொன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதும் அளவுக்கு அவருக்கு அவை ஒன்றாகவே இருந்தன.

இது காந்தியம்தானே, கிறிஸ்தவம் எங்கே வந்தது என்று கேட்கலாம். 1930இல் சட்டமறுப்பு நடந்தபோது, இங்கிருந்த மிஷனரிகள் அகிம்சையின் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டவர் குமரப்பா. கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட் அதற்கு இசையாதபோது, இயேசுவின் போதனையை வைத்தே அவரோடு வாதாடினார். சொந்தத் திருச்சபையின் தலைவரையே எதிர்க்கும் துணிவை அந்த விசுவாசமே அவருக்குத் தந்தது. மதமே இல்லாதவரும் நேர்மையாக வாழ்கிறாரே என்பார்கள். வாழ்கிறார், அவரை வணங்கலாம். இங்கே கேள்வி, கிறிஸ்துவின் பெயரைத் தரித்துக்கொண்டவரிடம் மட்டுமே.

இதைவிடக் கனமான எதிர்வாதம் சாதி. சபைகளுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டார். தஞ்சைப் பகுதியில் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்திலோ, தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கச் சுவரே எழுப்பினார்கள். ஞானஸ்நானம் எதையும் மாற்றவில்லை என்பதற்கு இது போதாதா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் வெளியேறியவர்களின், சுவர் எழுப்பியவர்களின் வாழ்க்கையை ஆண்டது சாதி என்ற அடையாளமே. கிறிஸ்தவம் வெறும் பெயராக நின்றுவிட்டது. ஆகவே குற்றம் விசுவாசம் வாழ்க்கையை அதிகம் தொட்டதில் இல்லை, தொடவே விடாததில் இருக்கிறது.

சபைப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் காணிக்கை வரவை வாசிக்கும்போது, ஆலயத்தைப் பெருக்குகிறவருக்கும் சபைப் பள்ளியின் தற்காலிக ஆசிரியருக்கும் என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.